கத்திரி வெயிலுக்கு முன் எழுபது நாள்

மாடித்தோட்டத்தை நான் தக்காளியில்தான் தொடங்கினேன். 2017, மாசி மாதம். குரோம்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் பன்னிரண்டு பைகள். செடிகள் இடுப்பு உயரம் வளர்ந்து, கொத்துக் கொத்தாய்ப் பூவும் வைத்தன. சித்திரை பிறந்த வாரத்திலிருந்து காலையில் மேலே போனால் பைகளைச் சுற்றி மஞ்சள் பூக்கள் காம்போடு உதிர்ந்து கிடந்தன. சத்துக் குறைவு என்று நினைத்து மண்புழு உரம் போட்டேன். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு வேளை ஊற்றினேன். பூ உதிர்வது நிற்கவில்லை. பன்னிரண்டு செடிக்கும் சேர்த்து மூன்றே மூன்று பழம் கிடைத்தது.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். செய்யாறு பக்கம் எங்கள் நிலம். பட்டம் பார்த்து விதைத்தே வளர்ந்தவர். செடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எப்படா விதை போட்ட?"

"மாசியிலம்மா."

"தக்காளி பனிக்குக் காய்க்கிறதுடா. மாசியில வெண்டை போடணும், கொத்தவரை போடணும். வெயிலைத் தாங்குறதுதான் வெயில்ல நிக்கும்."

அதன் பிறகுதான் காரணத்தைத் தேடிப் படித்தேன். தக்காளி காய் பிடிப்பது பகல் வெயிலைவிட இரவுச் சூட்டைப் பொறுத்தது. இரவு 20 டிகிரியை ஒட்டி இருந்தால் நன்றாகப் பிடிக்கும். 24, 25 டிகிரியைத் தாண்டிவிட்டால் மகரந்தம் வலுவிழந்து, பூ காயாக மாறாமலே உதிரும். சென்னையில் ஏப்ரல் மாதச் சராசரி இரவு வெப்பமே 26 டிகிரி. அப்புறம் நான் எவ்வளவு உரம் போட்டு என்ன? தக்காளி மார்கழி, தையில் பூத்தாக வேண்டும். அதற்குப் புரட்டாசி, ஐப்பசியிலேயே நாற்று விட வேண்டும். நான் பார்த்துப் பழகிய வீடியோக்களில் பிப்ரவரி, மார்ச்சில் தக்காளி விதைத்தவர்கள் குளிர் அப்போதுதான் விலகும் ஊர்க்காரர்கள். அவர்களுடைய வசந்தத்தை என் மாடியில் கொண்டுவந்து வைத்ததுதான் தவறு.

நம் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். சென்னை மாடித் தரைக்கு அந்த இரண்டு மாதமும் முழு வேனில்தான். இங்கே வசந்தம் என்று எதையாவது சொல்ல முடியுமானால் அது மாசி நடுவிலிருந்து சித்திரை இருபது வரை. பனி விலகியிருக்கும், கத்திரி தொடங்கியிருக்காது. பிப்ரவரி 22ஆம் தேதி விதைத்தால் மே 4ஆம் தேதி அக்னி நட்சத்திரம் தொடங்க ஏறக்குறைய எழுபது நாள். இந்த எழுபது நாளுக்குள் என்ன காய்க்கும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்ட பிறகுதான் என் தோட்டம் பலன் தரத் தொடங்கியது.

இந்தக் கணக்கில் முதலில் வருவது வெண்டை. ராத்திரி ஊறவைத்து, காலையில் பைக்கு இரண்டு விதையாக ஊன்றுவேன். நாற்று விட்டுப் பிடுங்கி நடக்கூடாது, ஆணிவேர் அறுந்தால் செடி தேங்கிவிடும். ஐந்தாறு நாளில் முளைக்கும். இரண்டில் நல்லதை விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டிவிடுவேன். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் ஆடும். ஏறக்குறைய 45ஆம் நாள் முதல் பூ. பூத்த ஐந்தாறு நாளில் காய். ஆக, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி முதல் பறிப்பு. மூன்று வருடமாக எங்கள் வீட்டுப் புத்தாண்டுச் சாம்பாரில் மாடி வெண்டைக்காய்தான் மிதக்கிறது. அதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

எத்தனை செடி வேண்டும் என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் கட்டாயம் சொல்வேன். ஆறு வெண்டைச் செடி வைத்தால் நாளுக்கு மூன்று நான்கு காய் வரும். அதைச் சேர்த்துச் சேர்த்து வைத்தால் முதல் நாள் காய் வதங்கிப்போகும், பறிக்காமல் விட்டால் முற்றி நாராகும். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைப் பொரியலுக்கு ஒரே வகையில் பன்னிரண்டு செடியாவது வேண்டும். எட்டு வகைக் காய்கறியை இரண்டிரண்டு செடியாக வைத்தால் கண்ணுக்கு அழகாக இருக்கும், அடுப்புக்கு ஒன்றும் போகாது. முதல் இரண்டு வருடம் நான் அப்படித்தான் வைத்திருந்தேன். இப்போது இந்தப் பருவத்துக்கு நாலே வகை: வெண்டை, கொத்தவரை, பீர்க்கை, கீரை.

வெண்டையில் பெரிய தொல்லை மஞ்சள் நரம்புத் தேமல். இலை நரம்பெல்லாம் மஞ்சளாக வலை பின்னினாற்போல் ஆகி, காயும் வெளுத்துச் சிறுத்துவிடும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய் இது. வந்த செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. மனசு கேட்காமல் ஒரு செடியை விட்டுவைத்தேன், பத்து நாளில் அந்த வரிசை முழுக்கப் போனது. இப்போது ஒரு இலையில் கண்டாலும் செடியை வேரோடு எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுகிறேன். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். விதை வாங்கும்போது அர்கா அனாமிகா கேட்டு வாங்குவதும் உதவுகிறது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த நோயைத் தாங்குவதற்கென்றே உருவாக்கிய ரகம் அது.

கொத்தவரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விதைத்தால் வரும். தரை கொதித்தாலும் நிற்கும்.

பீர்க்கைதான் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. கொடி பந்தலில் ஏறிக் கொத்துக் கொத்தாய்ப் பூத்தது. பெண் பூவின் பின்னால் விரல் நீளத்துக்குப் பிஞ்சும் இருந்தது. மூன்றாம் நாள் அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழும். மறுபடியும் சத்துக் குறை என்றே நினைத்தேன். ஒரு நாள் ஆறு மணிக்கு மேலே துணி எடுக்கப் போன என் மனைவி, "பூவெல்லாம் இப்பத்தான் விரியுது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். அதுவரை எனக்குத் தெரியவில்லை. பீர்க்கை சாயங்காலம் விரிகிற பூ. நான் தோட்டத்தில் இருப்பதெல்லாம் காலையில்; பார்ப்பதெல்லாம் முதல் நாள் விரிந்து ஓய்ந்த பூ. அந்த நேரத்தில் எங்கள் மாடிக்குத் தேனீயும் வருவதில்லை, அந்துப்பூச்சியும் குறைவு. மகரந்தம் கொண்டுபோக ஆள் இல்லாமல்தான் பிஞ்சு வெம்பியிருக்கிறது.

அன்றைக்கே ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினேன். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். நான்காம் நாள் பிஞ்சு கீழ்நோக்கி வளைந்து பருக்கத் தொடங்கியது. அப்போதிலிருந்து சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும் முகம் கழுவுமுன் மாடிக்குப் போவது வழக்கமாகிவிட்டது. சுரையும் புடலையும்கூடச் சாயங்காலத்துக்கு மேல் விரிபவைதான். பாகலும் வெள்ளரியும் காலைப் பூ. எந்தப் பூ எந்த நேரத்தில் விரிகிறது என்று தெரியாமல் கொடி வளர்க்கக்கூடாது.

இன்னொன்று. வெயிலும் பகல் நீளமும் ஏற ஏறப் பீர்க்கையில் ஆண் பூ அதிகமாகும், பெண் பூ குறையும். அதனால் வெண்டைக்கு இரண்டு வாரம் முன்பே, தை கடைசியில், பீர்க்கை விதையை ஊன்றிவிடுகிறேன். அந்த இரண்டு வாரத்தில் ஏழெட்டுக் காய் கூடுதலாகக் கிடைக்கிறது. பந்தலடியில் துளசியும் இரண்டு சூரியகாந்தியும் வைத்த பிறகு காலையில் கொசுத்தேனீ வரத் தொடங்கியிருக்கிறது. துளசி பூத்திருக்கும்போது அதன் பக்கத்தில் நின்றால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். மூன்றாவது மாடியில் அதைக் கேட்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

கீரைக்கு வேறு விதமான பாடம். சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவிவிட்டு மறுநாள் பார்த்தால் எறும்பு வரிசை கட்டி விதையைத் தூக்கிக்கொண்டு போகிறது. அம்மா சொன்ன வழி: விதை தூவியதும் பை ஓரமாக ஒரு பிடி ரவையோ அரிசி நொய்யோ போட்டுவிட வேண்டும். எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போகும், நாலு நாளில் விதை முளைத்துவிடும். சிறுகீரை 25ஆம் நாள் பிடுங்கலாம். ஒரே நாளில் எல்லாப் பையிலும் தூவாமல் வாரம் ஒரு பையாகத் தூவினால் வாரம் ஒரு நாள் கீரை. கொத்தமல்லியை மாசிக்கு மேல் முயல வேண்டாம்; வெயில் பட்டதும் இலை விடாமல் பூவுக்குப் போய்விடும். பருப்புக்கீரையும் பொன்னாங்கண்ணியும் வெயிலுக்கு முகம் சுளிக்காதவை.

இனி வெயிலைப் பற்றி. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே மாடியில் சாக்பீஸால் கோடு போட்டுக் கண்டுபிடித்தேன். எங்கள் மாடிப்படி அறை எட்டு அடி உயரம். மாசியில் உச்சி வேளையில் அதன் நிழல் வடக்கே மூன்றரை அடி விழும். அந்த நிழலை நம்பி மிளகாய்ப் பைகளை அங்கே வைத்தேன். வாரா வாரம் கோடு உள்ளே உள்ளே வந்தது. ஏப்ரல் 24ஆம் தேதி வாக்கில் சென்னையில் சூரியன் உச்சி வேளையில் சரியாகத் தலைக்கு மேலே வரும், நிழலே விழாது. அதன் பிறகு நிழல் தெற்குப் பக்கம் போய்விடும். அதாவது மாசியில் நிழலாக இருந்த இடம் சித்திரையில் அடுப்பு. இப்போது நிழல் வேண்டிய செடிகளை மாடிப்படி அறையின் கிழக்குச் சுவரை ஒட்டி வைக்கிறேன். அங்கே காலை வெயில் முழுதாகக் கிடைக்கும், மதியத்துக்கு மேல் சுவர் மறைத்துக்கொள்ளும். எந்த மாதமானாலும் அது மாறாது.

நிழல்வலை பற்றிய என் அனுபவம்: 50 சதவீத வலையை மாசியிலேயே கட்டிவிட்டேன். வெண்டை ஒல்லியாய் நீண்டது, பீர்க்கை இலை விட்டது, பூ குறைந்தது. வெயில் தேவைப்படும் மாதத்தில் வெயிலை மறைத்துவிட்டேன். பங்குனி கடைசியில், கீரைக்கும் மிளகாய்க்கும் மட்டும் கட்டினால் போதும். வெண்டைக்கும் கொத்தவரைக்கும் வலையே வேண்டாம்.

இலையைவிட வேருக்குத்தான் சூடு அதிகம் என்பது தாமதமாகப் புரிந்தது. பங்குனியில் மதியம் இரண்டு மணிக்கு எங்கள் மாடித் தட்டோட்டில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அந்தத் தரையில் பையை நேராக வைத்தால் அடிவேர் வெந்துவிடும். ஒவ்வொரு பைக்கும் அடியில் இரண்டு செங்கல் வைத்தேன், நடுவில் காற்று போகும்படி. பைகளை நெருக்கமாக வைத்தால் ஒன்று இன்னொன்றுக்கு நிழலாகும். மேற்கே பார்த்த கடைசி வரிசைக்கு மட்டும் பழைய கோணிச் சாக்கைச் சுற்றிவிடுகிறேன். மேலே மூடாக்கு கட்டாயம். காய்ந்த சருகு, தேங்காய் நார், கரும்புச் சக்கை எது கிடைத்தாலும் இரண்டு அங்குலம். மூடாக்குப் போட்ட பைக்கும் போடாத பைக்கும் சாயங்காலம் விரலை விட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

செங்கல் வைத்ததில் இன்னொரு நன்மை, வீட்டுக்காரர் சமாதானம் ஆனார். "தளம் ஒழுகினா யார் தம்பி பாக்கறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்வி. பையின் அடி நேராகத் தரையில் இருந்தால் ஈரம் தங்கிக்கொண்டே இருக்கும். வேர் தட்டோட்டு இணைப்புக்குள் இறங்கும். இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு முறை அடியில் துடைப்பம் விட்டுக் கூட்டுகிறேன், வழியும் தண்ணீர் நேராகக் குழாய்க்குப் போகிறது. எடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குக் கட்டடக் கணக்கில் எடுக்கும் சுமை பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ. பதினைந்து அங்குலப் பையை முக்கால் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் முப்பது கிலோவை நெருங்கும். அதனால் பைகளை மாடி நடுவில் குவிக்காமல், கீழே சுவர் வரும் இடமாகப் பார்த்து ஓரம் ஓரமாக வைத்திருக்கிறேன். பழைய கட்டடமாக இருந்தால் விவரம் தெரிந்த பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மண் கலவையில் என் அளவு: செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மக்கிய சாணம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து அப்படியே பயன்படுத்திய வருடம் நாற்றின் இலை ஓரமெல்லாம் கருகியது. அதில் இருக்கும் உப்புதான் காரணம். மூன்று முறையாவது தண்ணீர் மாற்றி அலசிப் பிழிய வேண்டும். இன்னொரு விஷயம், நார்க்கழிவு மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரமாக இருக்கும். மேலே பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். இரண்டு கணு ஆழத்துக்கு விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

தண்ணீரைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கவலை. சித்திரையில் காய்க்கும் வெண்டைச் செடி காலையில் இரண்டு லிட்டர், மாலையில் ஒரு லிட்டர் கேட்கும். முப்பது பை என்றால் நாளுக்குத் தொண்ணூறு லிட்டர். ஒரு முறை சாயங்காலம் நாலு மணிக்குக் குழாயைத் திறந்து நேராக நாற்றுக்குப் பிடித்தேன். வெயிலில் கிடந்த குழாய்த் தண்ணீர் கை பொறுக்காத சூடு. நாற்றெல்லாம் அங்கேயே சாய்ந்தது. குழாயில் முதலில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்து ஆறவிட வேண்டும். காலையில் ஏழரைக்குள், மாலையில் ஐந்தரைக்கு மேல்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பை ஓரத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் படியும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, அதில் உப்பு கிடையாது. அதை ஒரு டிரம்மில் சேர்த்துக் கிணற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுகிறேன். அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரும் மாடிக்குத்தான் வருகிறது. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் கழிவு நீரில் உப்பு இன்னும் அதிகம், அதைச் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

2019ஐ மறக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிய கோடை. தெருவில் லாரிக்காகக் குடத்தோடு நிற்கும்போது மாடியில் வெண்டைக்குத் தண்ணீர் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. ஐந்து பைகளை மட்டும் பாத்திரம் அலசிய, சோப்பு படாத தண்ணீரில் காப்பாற்றினேன். மற்ற பைகள் காய்ந்தன. அதற்கு அடுத்த வருடத்திலிருந்து, மாசியில் விதைப்பதற்கு முன் ஏரி நிலவரத்தைச் செய்தியில் பார்த்துவிட்டுத்தான் எத்தனை பை என்று முடிவு செய்கிறேன்.

பூச்சிக்கு நான் செய்வது கொஞ்சம்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைய சிறிது காதி சோப்பு. வெயில் தணிந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிப்பேன். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைப் பாருங்கள், அதுதான் அதைச் செடிக்குச் செடி சுமந்துகொண்டு போகிறது. வறண்ட வெயிலில் இலையடியில் செஞ்சிலந்தி வரும். தண்ணீரை வேகமாக அடித்தாலே பாதி போய்விடும். பத்து நாளுக்கு ஒரு முறை லிட்டருக்கு முப்பது மில்லி பஞ்சகவ்யம் தெளிக்கிறேன், இலையில் தெளிவு தெரிகிறது.

மே முதல் வாரம் வரும்போது பீர்க்கைக் கொடி ஓய்ந்திருக்கும், கீரைப் பைகள் காலி. கொத்தவரையை அப்படியே விட்டுவிடுவேன். போன பருவத்துக் கத்தரிச் செடிகளை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து கிழக்குச் சுவரோரம் நகர்த்திவிடுவேன், முதல் மழைக்குத் துளிர்க்கும். காலியான பைகளின் கலவையைத் தார்ப்பாயில் கொட்டி மெலிசாகப் பரப்பிக் கத்திரி வெயிலில் பத்து நாள் காயவிடுகிறேன். பூச்சி முட்டையும் கூட்டுப்புழுவும் அந்தச் சூட்டுக்குத் தாங்காது. பிறகு சாணம் கலந்து மூடி வைத்தால் ஆடிக்குத் தயார்.

வெண்டையில் நன்றாகக் காய்த்த, தேமல் வராத ஒரு செடியில் இரண்டு காயை மட்டும் பறிக்காமல் விட்டு அதில் சிவப்பு நூல் கட்டிவைப்பேன், வீட்டில் யாரும் தெரியாமல் பறித்துவிடாதபடி. அது முற்றி, காய்ந்து, விளிம்பு வெடிக்கத் தொடங்கியதும் எடுத்து உதிர்த்துச் சாம்பலில் புரட்டிக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடுவோம். போன வருடம் அம்மாவே உட்கார்ந்து எண்ணினார். தொண்ணூற்று நாலு விதை. அதில் பாதியை முந்தானையில் முடிந்துகொண்டு ஊருக்கு எடுத்துப் போனார்.